தறி ரூமுக்கு என்ன பினிஷ்?

எங்கள் வாலாஜாபாத் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். சிரிக்காதீர்கள், சாஃப்ட்வேர்காரனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். சமையலறைக்கு சாட்டின், கூடத்துக்கு மேட், கதவு ஜன்னலுக்கு எனாமல். தறி ரூம் என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து, ‘சில்க் பினிஷ்’ என்று எழுதினேன். பட்டு நெய்கிற அறைக்குப் பட்டுப் பெயின்ட். கடைக்காரர்கூட “சூப்பர் சார்” என்றார். இருப்பதிலேயே விலை அதிகம் அதுதான்.

அதுவரை அந்த அறையில் சுண்ணாம்புதான். தாத்தா கட்டிய சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் ஒரு பூச்சு. சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. பள்ளிக்கூடச் சட்டையில் அந்த வெள்ளையோடு போய் நான் வாங்கிய கிண்டல் கொஞ்சமில்லை. முதல் சம்பளம் வந்த நாளிலிருந்தே இந்தச் சுவரை ஒருநாள் துடைக்கிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று மனசில் ஒரு வைராக்கியம் இருந்தது. அப்பாவிடம் கேட்டேனா? “உனக்கு எது நல்லா படுதோ செய்டா” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து மூன்றாவது வாரம் ஊருக்கு வந்தபோது, தறிக்குப் பக்கத்துச் சுவரில் அப்பாவின் பழைய வேட்டி ஆணியடித்துத் தொங்கியது. அம்மாதான் சொன்னாள்: “கண்ணு கூசுதாம்டா. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

பெயின்ட்டில் நிறமியும் பிசினும் இருக்கின்றன. பிசின் அதிகமானால் காய்ந்த படலம் வழவழவென்று ஆகி, ஒளியைக் கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பி அனுப்பும். நிறமி அதிகமானால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஒளி நாலாபக்கமும் சிதறும். அதுதான் மேட். இந்தப் பளபளப்பை 60 பாகைக் கோணத்தில் ஒளி பாய்ச்சி அளக்கிற கருவிகூட இருக்கிறது. இவ்வளவும் பெயின்ட் வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரியாதது, காலை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக வந்து அந்தச் சுவரில் பட்டு, குழித்தறியில் தாழ உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்மட்டத்தில் நேராக இறங்கும் என்பது. நான் அந்தக் குழியில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

போதாததற்கு நான் தேர்ந்தெடுத்த நிறம் இளம்பச்சை. சாயத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அறைகளில் சுவரை நிறச் சார்பில்லாத மங்கல் சாம்பலாக வைப்பார்கள். சுவரின் நிறம் நூல்மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. அப்பா அப்போது கோர்வைச் சேலை ஓட்டிக்கொண்டிருந்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் பல்லுப் பல்லாகப் பிணைய வேண்டும். அரக்கில் இரண்டு சாயல் நூல் இருந்திருக்கிறது. மாறிப்போனதைச் சாயங்காலம்தான் கவனித்திருக்கிறார். நெய்ததைப் பிரித்தார், ஊடை ஊடையாக. இரண்டு நாள். இதையும் அம்மாதான் சொன்னாள்.

கேட்டேன். “ஏம்ப்பா, ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“ஆசையா செஞ்சிருக்க. கண்ணுதான் வயசாயிடுச்சோன்னு நெனச்சேன்.”

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே தவிர என் சுவரைச் சந்தேகப்படவில்லை.

மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. தறிக்குழி ஈரம் அடிச்சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சுவரில் அது வந்த வழியே காற்றில் போய்விடும். பிளாஸ்டிக் படலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எங்கே போகும்? முழங்கால் உயரம் வரை அப்பளம் மாதிரி கொப்புளித்தது. விரலால் தொட்டால் உதிர்ந்து, உள்ளே உப்பு பூத்திருந்தது. அடித்த பெயின்டரையே கூப்பிட்டேன். “குழித்தறி ரூமுக்கு இதெல்லாம் அடிப்பாங்களா தம்பி? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். அவரிடமும் கேட்கவில்லைதான்.

சுரண்டி எடுக்க மூன்று நாள். அப்புறம் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றினோம். தண்ணீர் பட்டதும் கொதித்துக் கொப்பளித்தது, சின்ன வயதில் பயந்து தள்ளி நின்ற அதே சத்தம். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துத் திரும்பச் சுண்ணாம்புக்கல் ஆகிறது. அவசரப்பட்டால் ஆகாது. ஒட்டாமலிருக்க அப்பா கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். அப்படியும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பட்டுக்குக் காரம் ஆகாது என்பதால் பாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாயைத் தொங்கவிட்டார். சுண்ணாம்பிலும் தொந்தரவு உண்டு, அவர் அதோடு நாற்பது வருஷம் பழகியிருக்கிறார், அவ்வளவுதான்.

சமையலறை சாட்டின் மட்டும் பிரமாதம். மஞ்சள் கறையை அம்மா ஒரே துடைப்பில் எடுக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். மிஞ்சிய சில்க் பினிஷ் அரை வாளி பரணில் கிடக்கிறது. காலியான இன்னொரு வாளியைக் கழுவி, அதில்தான் அப்பா இப்போது பாவுக்குக் கஞ்சி கரைக்கிறார்.