அடியில் இருந்த வேலை

ஜூன் 24, திங்கள்

ஆய்வகத்து சர்வரில் இடம் தீர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்றுதான் புது டிஸ்க் கிடைத்தது. 'பாடம்' ஃபோல்டருக்குள் 'மாணவர்' என்று ஒரு வெற்று ஃபோல்டர் போட்டு, அதன்மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்தேன். பிள்ளைகளின் பழைய வேலைகளை அதற்கு மாற்றினேன். சர்வரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மூன்றாவது பீரியடில் பதினொன்றாம் வகுப்பு வந்து உட்கார்ந்தது.

"சார், மாணவர் ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்லீங்க சார்."

பத்துக் கணினியிலும் அப்படித்தான்.

ஜூன் 25, செவ்வாய்

ராத்திரி முழுக்கப் படித்தேன். எங்கள் சர்வரில் ஓடுவது சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதில் கோப்புகளைப் பகிர்வது என்.எஃப்.எஸ்.; சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்தது. ஒரு ஃபோல்டரைப் பகிரச் சொன்னால், அது இருக்கிற ஃபைல் சிஸ்டத்தின் எல்லையோடு நின்றுவிடும். உள்ளே மவுண்ட் செய்த டிஸ்க் வேறொரு ஃபைல் சிஸ்டம், ஆகவே கூட வராது. பிள்ளைகள் பார்த்தது டிஸ்க்குக்கு அடியில் கிடந்த அந்த வெற்று ஃபோல்டரை.

காரணம் தெரிந்தபோது இந்த ஏற்பாட்டின்மேல் மரியாதை வந்தது. ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன் கோப்புகளுக்குத் தானே ஐநோட் எண் போட்டுக்கொள்கிறது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் தலை ஃபோல்டருக்கு எப்போதும் எண் 2. இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டு 2. ஒன்றாக்கிக் காட்டினால் எது எதுவென்று பிள்ளைகளின் கணினி குழம்பிப் போகலாம். அதனால்தான் கேட்காமல் காட்டுவதில்லை.

எதையெல்லாம் பகிர்வது என்று எழுதிவைக்கும் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் 'பாடம்' வரியில் கிராஸ்மவுண்ட் என்று ஒரு சொல் சேர்த்தேன். உள்ளே மவுண்ட் ஆனதெல்லாம் ஒரே நொடியில் வந்தது. மாதத் தேர்வு வினாத்தாள் வைத்திருந்த பார்ட்டிஷனும் வந்தது! அதையும் 'பாடம்' அடியில்தான் மவுண்ட் செய்திருந்தேன். பதறிப்போய் அந்தச் சொல்லை எடுத்தேன். இப்போது 'பாடம்' படிக்க மட்டும். 'மாணவர்' எழுதவும், தனி வரியில். வினாத்தாளை 'பாடம்' ஃபோல்டரை விட்டே வெளியே எடுத்துவிட்டேன். வரி கூடினாலும் இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது: எதைத் திறந்தோம் என்பது எழுத்தில் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

மூன்று நாள் பயிற்சிக்கு நாமக்கல் போய் வந்தேன். ஞாயிறன்று கரண்ட் போய் வந்ததில் டிஸ்க்கின் கேபிள் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சர்வர் டிஸ்க் இல்லாமலே எழுந்திருக்கிறது. கேபிளை அழுத்திச் செருகினேன். பழைய கோப்புகள் வந்தன. நிம்மதியாக இருந்தேன், ஒரு மாணவி வரும்வரை.

"குச்சிக்கிழங்கு ப்ராஜெக்ட் காணோங்க சார். மூணு நாள் வேலைங்க."

அழவில்லை. கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா ஜவ்வரிசி மில்லில் வேலை பார்க்கிறார். கிழங்கு அரைப்பதிலிருந்து களத்தில் காய்வதுவரை தானே படமெடுத்து அடுக்கியிருந்தாள்.

டிஸ்க் இல்லாத மூன்று நாளும் அந்த வெற்று ஃபோல்டரே 'மாணவர்' ஆகிப் பகிரப்பட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்கிய பிள்ளைகள் அதில் சேமித்திருக்கிறார்கள். காலையில் நான் டிஸ்க்கை மேலே போர்த்தி மூடிவிட்டேன்.

வகுப்பை நிறுத்தாமலே பார்க்க ஒரு வழி உண்டு. சர்வரின் மூல டிஸ்க்கை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால், மேலே மவுண்ட் ஆனவை கூட வராது. அடியில் உள்ளது அப்படியே தெரியும். செய்தேன். ஏழு பேருடைய வேலை அங்கே இருந்தது. 'கிழங்கு_3' என்று அவளுடையதும்.

'மாணவர்' வரியில் இப்போது மவுண்ட்பாயின்ட் என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறேன். டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் அந்த வரி செல்லாது. சேமிக்கப் போனால் அங்கேயே மறுக்கும், பிள்ளைகள் உடனே கூப்பிடுவார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

அவள் கோப்பை டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தேன். திறந்து, களம் முழுக்க வெள்ளையாய்க் காய்கிற ஜவ்வரிசிப் படம் வரும்வரை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.