புத்தூர் கட்டா, ஆஸ்பத்திரியா?

எங்க வேங்கிக்கால் பக்கம் யாருக்காவது கை கால் உடைஞ்சா முதல்ல வாயில வர்ற வார்த்தை புத்தூர் கட்டு. திருப்பதிப் பக்கம் புத்தூர்ல இருந்து வந்த வைத்தியம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி, அவ்வளவுதான். எங்க அப்பாவுக்கு மணிக்கட்டு பிசகினப்போ அதுதான் கட்டினோம், சரியாயிடுச்சு. அதனால அதை மட்டம் தட்ட இதை எழுதலை.

போன தை மாசம் கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட ஆளுங்க வந்திருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, எட்டு வயசு இருக்கும். வேலூர் ரோட்டைத் தாண்டி கடைக்குப் போனவளை பைக்ல வந்த ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிஞ்சு எலும்பு வெளியே தெரிஞ்சுது.

சுத்தி இருபது பேர் நின்னாங்க. "தொட்டா போலீஸ் கேசுன்னு அலையணும்"னு ஒருத்தர் சொன்னார். இந்தப் பயம் எப்போதான் போகுமோ தெரியலை. உதவி பண்றவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2016-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் சேர்த்துட்டாங்க. நம்ம பேரைச் சொல்லணும்னு கூட கட்டாயம் இல்லை. 108-க்கு போன் போட்டுட்டு, காயத்து மேல சுத்தமான வேட்டித் துணியை வெச்சேன். காலை இழுத்து நேராக்காம, கிடந்தபடியே ரெண்டு பக்கமும் கரும்புத் துண்டு வெச்சு லேசா கட்டினேன்.

அதுக்குள்ள அவ அப்பன் ஓடி வந்தான். "ஐயா, ஆஸ்பத்திரி வேணாங்க. காலை எடுத்துருவாங்க. எங்க ஊர்ல ஒரு பையனுக்கு எடுத்துட்டாங்க. புத்தூர் கட்டுக்கே போயிடறோம்."

"அந்தப் பையனை எத்தனை நாள் கழிச்சுப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "பத்து நாள் கட்டோட இருந்தாங்க. வெரலு கறுத்த பிறகுதான்..."

அதைத்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். உள்காயமா லேசான விரிசல்னா ஒரு பேச்சு. எலும்பு வெளியே வந்த காயத்துல ரோட்டு மண்ணு போயிருக்கும். அதைக் கழுவாம பச்சிலை வெச்சு மூடினா உள்ளேயே சீழ் பிடிக்கும். இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு விரல் கறுக்கும். யார் கட்டின கட்டா இருந்தாலும், மாவுக்கட்டே ஆனாலும், விரல் சில்லிட்டுப் போனா, மரத்துப் போனா, அசைக்க முடியலைன்னா உடனே அவிழ்த்துப் பார்க்கச் சொல்லணும்.

அடுத்து பணம். மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கி வந்த குடும்பம், ரேஷன் கார்டு ஊர்ல இருக்கு. 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூர்ல முதல்வர் ஸ்டாலின் தொடங்கின 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல, சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. எந்த ஊரு, எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை இருக்கான்னு பார்க்கறதில்லை. திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. நமக்குப் பக்கத்துலயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, அங்கேதான் போனோம். அன்னிக்கு ராத்திரியே காயத்தைக் கழுவி, வெளியில கம்பி மாட்டினாங்க.

இதெல்லாம் ஒரு நாள் கதை. கஷ்டம் அதுக்கப்புறம்தான். எங்க பக்கம் வெட்டு முடிஞ்சதும் மேஸ்திரி அடுத்த ஊருக்குக் கிளப்பினார். கம்பியோட பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கே போறது? கம்பி போட்ட இடத்தைத் தினம் சுத்தம் பண்ணணும், டாக்டர் சொன்ன நாளுக்கு வரணும். மேஸ்திரிகிட்ட பேசி, அம்மாவும் பொண்ணும் எங்க மோட்டார் கொட்டாயில தங்கட்டும்னு ஏற்பாடு பண்ணினோம். அவ அப்பன் மட்டும் வெட்டுக்குப் போனான். சாப்பாடு எங்க வீட்டம்மா பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு எங்க ஆட்டுக்குட்டிக்கெல்லாம் பேரு வெச்சுது.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. இடிச்ச வண்டி எதுன்னே தெரியாத விபத்துக்கும் 2022 ஏப்ரல்ல இருந்து மத்திய அரசு இழப்பீடு இருக்கு. உயிர் போனா ரெண்டு லட்சம், பலத்த காயம்னா 50,000 ரூபாய். அதனால ஆஸ்பத்திரியில தர்ற ஏ.ஆர். காப்பி, போலீஸ் எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பத்திரமா வைங்க. நாங்க விண்ணப்பம் எழுதிட்டோம். அம்மாவுக்கு பேங்க் கணக்கு இல்லை, முதல்ல அதைத் திறக்கணும். பொண்ணு இப்போ கம்பு ஊணி வரப்பு வரைக்கும் நடக்குது.