கொறங்காட்டுக்கும் லீவு வேணும்

ஹாஸ்டல்ல யாராவது "உங்க ஊர்ல என்ன விவசாயம்?"னு கேட்டா "புல்லு"ன்னுதான் சொல்வேன். தஞ்சாவூர்ப் பசங்க சிரிப்பாங்க. அவங்க ஊர்ல வரப்புல தானா முளைக்கறது எங்களுக்குப் பயிர். காங்கேயம் பக்கம் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதுலயும் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில பெய்ஞ்சு முடிஞ்சிடும். கிணத்துல தண்ணி இருக்கறவங்க தென்னை வெச்சாங்க. இல்லாதவங்ககிட்ட கொறங்காடு இருக்கு.

கொறங்காடுன்னா ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்னு நினைச்சுக்காதீங்க. அது சொந்தப் பட்டா நிலம். சுத்தியும் கிளுவை வேலி, அங்கங்க வெள்வேல மரம், தரையில கொழுக்கட்டைப் புல். மூணும் வறட்சி தாங்கும். வேலி அடைப்பா இருக்கறதால ஆடு மாட்டுக்குப் பின்னாடி ஆள் நடக்க வேண்டியதில்ல. காலையில படலைத் திறந்து விட்டா போதும். 2017-ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தப்ப எல்லாரும் வாட்ஸ்அப் டிபி-யா வெச்ச காங்கேயம் காளை இந்தப் புல்லைத் தின்னு வளர்ந்த இனம்தான். அதை மேம்படுத்தினவர்னு பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பேரைச் சொல்வாங்க. புல்லைப் பாத்துக்கிட்டவங்க பேரை யாரும் எழுதி வெக்கல.

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) விட்டுட்டுப் போனது 12 ஏக்கர். மூணு மூணு ஏக்கரா நாலு காடு, ஒவ்வொண்ணுக்கும் தனி வேலி. மூணு மாடு, இருபத்தஞ்சு செம்மறி. ஒரு காட்டுல ரெண்டு வாரம் மேய்ச்சா அடுத்த காட்டுக்கு மாத்தணும். அப்ப ஒவ்வொரு காட்டுக்கும் ஆறு வாரம் ஓய்வு. வேலைன்னு பாத்தா இதுதான் பெரிய வேலை: மேய விடாம இருக்கறது.

இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. மாடு கடிச்ச புல் மறுபடி இலை விடறதுக்கு வேர்ல சேத்து வெச்சதைத்தான் முதல்ல செலவு பண்ணும். இலை நல்லா விரிஞ்ச பிறகுதான் வேர் திரும்ப நிறையும். அதுக்குள்ள செம்மறி வந்து துளிரைக் கடிச்சா, அஞ்சு பர்சென்ட் சார்ஜ்ல இருக்கற போனை எடுத்து பப்ஜி ஆடற மாதிரி. ரெண்டு மூணு தடவை அப்படி ஆனா புல் தூரோட போயிடும். அந்த இடத்துல எருக்கும் ஆவாரையும் வரும், ஏன்னா அதை எதுவும் தின்னாது. அப்பாரு காட்டுக்குள்ள போனதும் எருக்கைத்தான் எண்ணுவாராம். கூடியிருந்தா அன்னிக்கே படலைச் சாத்திடுவார்.

மழைக்குப் பின்னாடி ஒரு காட்டையாவது விதை முத்தி உதிர்ற வரைக்கும் மூடி வெக்கணும். அப்புறம் ஆடு மிதிச்சா விதை மண்ணுல அழுந்தும். மிச்சப் புல் நின்ன நிலையிலயே காய்ஞ்சு கோடைக்குத் தீவனமாகும். அறுத்துப் போர் போட வேண்டியதில்ல. போருக்கு எங்களுக்குச் சோளத்தட்டு இருக்கு. பல வருஷத்துக்கு ஒரு தடவை, புல் ரொம்பத் தளர்ந்த காட்டை உழுது சோளமோ நரிப்பயறோ போட்டு, புல்விதையும் தூவுவாங்க. ஆழமாப் போகக் கூடாது, மேலாப்புல விழணும். சீமைக்கருவேலம் தலை காட்டினா சின்னதுலயே வேரோட எடுத்துடணும். வெறுமனே வெட்டி விட்டா தழைஞ்சு வரும்.

போன வருஷம் ஒரு சோலார் கம்பெனி ஆளுங்க வந்தாங்க. நான் படிக்கறது ட்ரிபிள் ஈ. மூணாவது வருஷ ப்ராஜெக்டே சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்தான், அதனால எனக்கு சோலார் மேல எந்தக் கோபமும் இல்ல. வந்தவர்கிட்ட, "பேனலுக்கு அடியில செம்மறி மேயலாமுங்களா? ஆஸ்திரேலியால எல்லாம் விடறாங்களே"ன்னு கேட்டேன். "தம்பி, மரம், வேலி எல்லாம் எடுத்துட்டு லெவல் பண்ணித்தான் எங்களுக்கு வேணும்"னார்.

வடக்கு ரெண்டு காடும் பெரியப்பா பங்கு. அவர் குத்தகைக்கு விடறதுன்னு முடிவு பண்ணிட்டார். அவரைக் குறை சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல. அக்கா கல்யாணக் கடன் இன்னும் நிக்குது, முட்டி வலி, பையன் கோயமுத்தூர்ல. "கண்ணு, ஆடு வித்து வர்ற காசு எந்த மாசம் வரும்னு எனக்கே தெரியாது. இது மாசாமாசம் பேங்க்ல விழும்"னார். இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

அப்பா, "பாதி நிலம் போச்சுன்னா பாதி உருப்படியை வித்துடலாம், சரியாப் போயிடும்"னார். எனக்கு அங்கதான் இடிச்சது. பேப்பர் எடுத்துப் போட்டுப் பாத்தேன். ரெண்டு காடுதான் மிச்சம். பாதி உருப்படின்னா ஒரு காட்டுப் புல் நாலு வாரம் வரும். அப்ப இன்னொரு காட்டுக்குக் கிடைக்கற ஓய்வும் நாலு வாரம்தான். ஆறு வாரம் நாலு வாரமாகுது. அது மட்டுமில்ல, நாலு வாரம் ஒரே காட்டுல நின்னா முதல் வாரம் கடிச்ச புல் துளிர்க்கறப்பவும் ஆடு அங்கயேதான் இருக்கும். நிலமும் பாதி, ஆடும் பாதி, ஆனா புல்லுக்கு நிலைமை முன்ன மாதிரி இல்ல. மூணு ஏக்கர் காட்டை ஒண்ணரை ஒண்ணரையாப் பிரிச்சா மறுபடி நாலு காடு, ரெண்டு வாரம் மேய்ச்சல், ஆறு வாரம் ஓய்வு. அப்பா பேப்பரை ரெண்டு தடவை பாத்தார். "உங்க அப்பாரு இதைப் பேப்பர் இல்லாமச் சொல்லுவாரு"ன்னார். ஒத்துக்கிட்டார்னு அர்த்தம்.

ஆனா வேலிக்கு எங்க போறது? கம்பி வேலி விலை கேட்டுட்டு அம்மா பேச்சையே மாத்திட்டாங்க. அதனால கிளுவைதான். பழைய வேலியில கொம்பு வெட்டி, ஆயுத பூஜை லீவுல நானும் அப்பாவும் நெருக்கி நெருக்கி நட்டோம். முள்ளு குத்தின கையோட இன்டர்னல்ஸ் எழுதினேன். அது ஆடு நுழையாத அடைப்பா ஆக வருஷக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் நடுவுல பழைய மீன்வலை கட்டியிருக்கோம். பாக்கக் கொஞ்சம் கேவலமாத்தான் இருக்கு, செம்மறி மதிக்குது, மாடு மதிக்க மாட்டேங்குது.

எனக்கு பெங்களூர்ல வேலை, ஜூலைல சேரணும். அதனால நான் இருந்தா மட்டும் நடக்கற மாதிரி எதையும் வெக்கலை. எந்த வாரம் எந்தக் காடுன்னு மாட்டுக்கொட்டாய்ச் சுவத்துல சாக்பீஸ்ல கட்டம் போட்டிருக்கேன். அம்மா அதுலயே பால் கணக்கும் எழுதறாங்க.

வடக்குக் காட்டுக்குத் தை மாசம் பொக்லைன் வருது. கார்த்திகைக் கடைசியில பெரியப்பாவே கூப்பிட்டு, "வெதை முத்திருச்சு, மண்ணோட போறதுக்கு உருவிக்குங்கடா"ன்னார். அம்மா, பெரியம்மா, நான் மூணு பேரும் ரெண்டு நாள் கையாலயே உருவினோம். ஒரு சாக்கு நிறைய வந்துச்சு. தூக்கினா வெயிட்டே இல்ல. புது விதையை உடனே போட்டா சரியா முளைக்காது, பழசாகணும். இப்ப அது அட்டாளியில இருக்கு. அடுத்த வருஷ மழைக்குத்தான் தூவணும். அந்த வாரம் லீவு கிடைக்குமான்னு எச்.ஆர்.கிட்ட இப்பவே கேக்க முடியாது.