ஆல்டோ வரிசை

தெற்கே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பக்தி என்பது தனியாகச் செய்கிற காரியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். இரண்டாம் மணிக்குச் சேலை மடிப்பை நீவிக்கொண்டே தெருவில் இறங்கிவிட வேண்டும். சாயங்கால ஆராதனைக்கு எட்டுப் பேர்தான் வந்திருந்தாலும் உபதேசியார் பாட்டில் ஒரு சரணத்தைக்கூடக் குறைக்க மாட்டார். நீ விசுவாசிக்கிறாயா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கோயிலுக்கு ஏன் வரலை என்றுதான் கேட்பார்கள். அப்போது அது எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படிக் கேட்க ஆளில்லாத ஊரில் இருக்கிறேன்.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணலும் பனையும்தான். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி. பனைகளுக்கு மேலே அதன் நுனி தெரிந்தால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் தானாக எழுந்து பையைத் தேடுவார்கள். 1837-ல் அங்கே வந்த ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய கோயில் அது. மேடும் மணலுமான இடத்தில் இவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்று படிக்கிற வயதில் நான் வாதம் செய்திருக்கிறேன். ஆச்சி ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "உள்ளே வந்து நின்னு பாடிப் பாரு, தெரியும்."

அம்மா உலையில் அரிசி போடும்போது பார்க்க வேண்டும். களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் மண்சட்டியில் போடுவாள். அந்த நேரத்தில் உதடு மட்டும் அசையும். யாருக்காக ஜெபித்தாள் என்று சொல்ல மாட்டாள். சட்டி நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பல வீட்டு அரிசி ஒன்றாகக் கொட்டப்படும். புழுங்கலும் பச்சையும், ரேஷனும் பொன்னியும் கலந்து கிடக்கும். அதை ஏலத்தில் எடுக்கிறவர் முகம் சுளிப்பார். ஆனாலும் எடுப்பார். பக்கத்து ஊர்களில் சபை கட்டியெழும்பியதில் இந்தக் கைப்பிடி அரிசிக்குப் பங்கு உண்டு. நாங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சபைக்கு வரி கட்டியவர்கள்.

பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் சரித்திரம் படித்தேன். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ஓர் இங்கிலாந்துப் பெண்ணின் பெயரில் 1895 முதல் நடக்கும் பெண்கள் கல்லூரி. விடுதியில் மாலை ஜெபம் கட்டாயம். பரீட்சைக்கு முந்தின நாள்கூட விலக்கு கிடையாது. பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்துக்குள் நோட்ஸ் வைத்துப் படித்தபடி பாடுவார்கள். சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் யாரும் எங்களைப் பிரித்து உட்கார வைக்கவில்லை. குரல் எட்டாதவர்கள் எல்லாரும் தானாக இடது பக்கம் ஒதுங்கி ஆல்டோ ஆகிவிட்டோம். என் வலது தோளுக்கு ஒரு நாசரேத்துப் பெண், இடது தோளுக்கு ஒரு சாயர்புரத்துப் பெண். ஒருத்தி சுருதி இறங்கினால் மற்றவள் முழங்கையால் இடிப்பாள்.

கிறிஸ்தவ மாணவியருக்கு அப்போது இருந்த பெரிய ஆராய்ச்சி கல்யாணம்தான். வேப்பமரத்தடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் சீனியர் அக்காமார் "தேவசித்தம்" பற்றிச் சொல்வார்கள். வரப்போகிற மாப்பிள்ளைக்காக இப்போதே ஜெபி என்பார்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சிலர் பட்டியல் போட்டிருந்தார்கள்: ரட்சிக்கப்பட்டவர், மிஷனரி பாரம் உள்ளவர், வரதட்சணை கேட்காதவர், ஐந்தடி எட்டங்குலம். கடைசியில் சொன்னதற்குத்தான் அதிகம் ஜெபித்தார்கள் என்பது என் சந்தேகம். சாதி அந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்காது. எழுதத் தேவையில்லை என்பதால். ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமை பேசுகிற எங்கள் சனம் சாதி பார்ப்பதை மட்டும் விட்டதில்லை. ஏக்கத்தோடு எழுதுகிறேன் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

எம்.ஏ.வுக்கு அபிஷேகப்பட்டி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் வந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் தலைமுறை அதனால்தான் சென்னைக்குப் போகாமல் படித்தது. நகரத்தை விட்டுத் தள்ளி, வெயில் நேராக மண்டையில் இறங்கும் இடம். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் ஒரு பாடமே படித்துவிடலாம். அங்கேதான் மார்த்தா மால்ட் அம்மாளைச் சந்தித்தேன், காகிதத்தில். 1819-ல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தவர். திண்டு மாதிரி ஒரு தலையணை, அதன்மேல் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். கட்டைகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் பூவும் இலையும் விழும். திருவிதாங்கூரில் 1855-ல் அடிமைமுறைக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்கு முன்பே, இந்தப் பின்னல் வேலைக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். நான் முனைவர் பட்டத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன். வழிகாட்டி காரணம் கேட்டார். ஏதோ பொருளாதார வரலாறு என்று சொல்லி வைத்தேன். உண்மையில் என்னை இழுத்தது, அவர்கள் ஒரே வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து பின்னினார்கள் என்பதுதான்.

ஆய்வு பாதியில் இருக்கும்போதே கல்யாணம் பேசினார்கள். லெந்து தொடங்கினால் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டும் என்று இரு வீட்டாரும் பறந்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். நம் பெயரை, அப்பா பெயரை, ஊர்ப் பெயரைச் சபை குரு நிதானமாகப் படித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்துகிற அந்தச் சின்ன மௌனம் இருக்கிறதே! தடை ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பின்பெஞ்சில் ஒரு தாத்தா தொண்டையைச் செருமினார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அதற்கப்புறம் இருமவே இல்லை. ஒரு ஊர் முழுக்க என் கல்யாணத்துக்குச் சாட்சியாக இருந்தது.

இப்போது கணவரோடு பெங்களூரு. இவர் நல்லவர். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான் படிக்கும் இரவுகளில் பாத்திரம் தேய்ப்பார், அதை யாரிடமும் சொல்ல மாட்டார். படுக்கும் முன் இரண்டு பேரும் ஜெபிக்கிறோம். அவர் ஜெபம் கணக்குத் தீர்த்தாற்போல் சுருக்கமாக முடியும். என் ஜெபம் எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் மாதிரி நாடுகளையும் தலைவர்களையும் தொட்டுத்தான் திரும்பும். பாட்டுதான் பிரச்சினை. அவர் வளர்ந்தது ஆங்கில ஆராதனையில். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் பிரெஸ்பிட்டேரியனும் காங்கிரகேஷனலும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனார்கள் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நிர்வாகம் ஒன்றானது, பாட்டு இன்னும் ஒன்றாகவில்லை. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை நான் எடுத்தால் இவர் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் அடியில் கையை மடியில் வைத்துவிடுகிறார். அவர் எடுக்கும் ஆங்கிலப் பாட்டில் நான் ஆல்டோ போடலாம். ஆனால் சோப்ரானோ இல்லாத வீட்டில் ஆல்டோவுக்கு என்ன வேலை? குடும்பமே சின்னச் சபை என்று கல்யாணத்தில் பிரசங்கம் செய்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. இருந்து பார்த்ததில் சொல்கிறேன், ரொம்பவே சின்னச் சபை.

என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. மாமி அன்பானவர், நான் வைக்கும் கருப்பட்டிக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மீதியை எனக்கே தருவார். குக்கர் விசில், லிஃப்ட், ஆபீஸ் வண்டி, மறுபடி குக்கர் விசில் என்று நாள் ஓடுகிறது. அடுக்குமாடியில் டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ் உண்டு. சங்கத்தில் அனுமதி வாங்கி, எந்த வீட்டில் எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே மெசேஜ் வரும். வருவார்கள், இரண்டு பாட்டு, கேக், போட்டோ. ஊரில் மார்கழிக் குளிரில் விடியும் முன்னே பஜனை கிளம்பும். ஆர்மோனியப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்ட அண்ணாச்சி முன்னால், போர்வையைத் தலையோடு போர்த்திய பிள்ளைகள் பின்னால். கோயிலுக்கே வராதவர் வாசலிலும் நின்று பாடுவார்கள். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அதே நேரம் திருப்பாவை வரும். எங்கள் பஜனை அந்தத் தெருமுனையில் சற்றுக் குரலை உயர்த்தும். அவர்கள் ஒலியைக் குறைக்கவும் மாட்டார்கள். இரண்டும் கலந்து கேட்ட காதுக்கு இந்த நேர்த்தியான கேரல் உறைக்க மாட்டேன் என்கிறது.

ஆய்வு மட்டும் நிற்கவில்லை. மில்லர்ஸ் ரோட்டில் 1910 முதல் இருக்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். எலைசா மால்ட், மார்த்தா அம்மாளின் மகள், 1844-ல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்குப் போனார். கணவர் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி அழியாப் பெயர் பெற்றார். எலைசா அந்த மணல் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தாய்வீட்டு ரேந்தைத் தலையணையையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். கல்யாணமாகிப் போன இடத்தில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பெண்களைச் சேர்த்து உட்கார வைத்தது! அவருக்கு நாகர்கோவில் நினைவு வந்திருக்குமா என்று ஆய்வேட்டில் எழுத முடியாது. ஆதாரம் கேட்பார்கள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் நினைத்துக்கொள்வதற்கு ஆதாரம் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பிப் போனால் தீருமா என்றால், தீராது. விடுதியில் என் தோளுக்கு இரு பக்கமும் நின்றவர்களில் ஒருத்தி மஸ்கட்டில், ஒருத்தி ஓசூரில். உபதேசியார் மாறிவிட்டார். போன அசனத்துக்கு, அதாவது ஊர்ச் சபை விருந்துக்கு, போயிருந்தேன். அண்டாக்களும், இலைக்கு நெருக்கியடிக்கும் சனமும், சோறு வாங்க வரிசையில் வைத்த தூக்குவாளிகளும் அப்படியே இருந்தன. பரிமாறுகிறவர் என்னைப் பார்த்து, "விருந்தாளுக்கு முதல்ல வைங்க" என்றார். கறிக்குழம்பு வழக்கம்போல நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

பரீட்சைக்கு நடுவில் மாலை ஜெபத்துக்கு இழுக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளும் விடுதிப் பெண்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. சலித்துக்கொள்ளட்டும், நாங்களும் சலித்துக்கொண்டுதான் பாடினோம். எனக்குச் சொல்ல வேண்டியது நகரத்துச் சபைகளில் முன்பெஞ்சில் உட்காரும் அம்மாமாருக்குத்தான். கல்யாணமாகிப் புதிதாக ஒரு பெண் உங்கள் ஆலயத்துக்கு வந்து, கடைசி வரிசையில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் கீழ்ஸ்தாயி பாடிக்கொண்டிருப்பாள். ஆராதனை முடிந்து வாசலில் அவளைப் பிடித்து "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பதற்கு முன்னால், "சனிக்கிழமை கொயர் பிராக்டிஸுக்கு வர்றியாம்மா?" என்று கேளுங்கள்.