கதவு தட்டியவனின் கணக்கு

வாலிப வயதில் நான் வீடு வீடாகப் போய் சுவிசேஷம் சொன்னவன். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் சபைப் பையன்கள் நாலைந்து பேர் கைப்பிரதிக் கட்டோடு கிளம்புவோம். ஆந்திர எல்லையில் எங்கள் குடிபாலாவைச் சுற்றியுள்ள ஊர்கள், நரஹரிப்பேட்டை, செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை வரை போவோம். ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கு. பையில் இரண்டு மொழியிலும் கைப்பிரதி இருக்கும். ஏன் போகிறாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ‘ஆத்தும பாரம்’ என்றிருப்பேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னபோதும் அதைத்தான் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன்.

நான் காலனிப் பையன். வேலை இருந்தால் ஊர்த்தெருவுக்குப் போவோம். களை எடுக்கவோ, கொட்டகை கூட்டவோ, கூலி வாங்கவோ போய், முடிந்ததும் திரும்பிவிடுவோம். வேலையில்லாமல் அந்தத் தெருவில் நடக்க ஒரு காரணம் வேண்டும். வேதாகமம் எனக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்தது. சலவை செய்த சட்டையோடு முன்வாசலில் நின்று, “அய்யா, ரெண்டு நிமிஷம் பேசலாமா?” என்று கேட்க முடிந்தது. என் அப்பா பின்பக்கம் நின்று குரல் கொடுத்த வீடுகள் அவை. உள்ளே இருந்தவர் நின்று கேட்டாலும், ‘வேணாம், போப்பா’ என்று சொன்னாலும், எழுந்து வந்து எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலுக்காகவே நான் வாரம் தவறாமல் போனேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. நித்திய ஜீவனைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, “நீ யாரு ஊட்டுப் புள்ள?” என்பார்கள். அப்பா பெயரைச் சொன்னதும் அவர்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அந்தத் தகவலின் மேல்தான் போய் விழுந்தது. சில வீடுகளில் கைப்பிரதியை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுக் கொல்லை வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் ஒன்றைச் சொல்லப் போனேன், அவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்.

அந்த வாசல்களிலிருந்து சபைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. ஊர்த்தெருவிலிருந்து ஒரு பெண்மணி மட்டும் வந்தார், ஆனால் அவர் எங்கள் கைப்பிரதியைத் தொட்டதே கிடையாது. கணவருக்கு உடம்பு முடியாமல் வேலூர் சிஎம்சியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் சபை அத்தை ஒருவர் அதே வார்டில் தன் மகனுக்குத் துணையாக இருந்தார். இருவரும் வராந்தாவில் ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த அம்மா உபவாச ஜெபத்துக்கு வரத் தொடங்கினார். எங்கள் அத்தைக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது.

பிற்பாடு படித்தபோது இது எங்கள் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை என்று தெரிந்தது. ரோட்னி ஸ்டார்க், வில்லியம் பெயின்பிரிட்ஜ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மார்மன் சபை மிஷனரிகளின் பதிவேட்டை வைத்து எழுதியது. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினால் ஆயிரத்துக்கு ஒருவர் சேருகிறார். ஒரு மார்மன் நண்பரின் வீட்டில் வைத்து முதல் பேச்சு நடந்தாலோ, ஏறக்குறைய இரண்டில் ஒருவர் சேருகிறார்.

வீடு வீடாகப் போவதையே அடையாளமாகக் கொண்ட யெகோவாவின் சாட்சிகளின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. அவர்களே வெளியிட்ட 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகம் முழுக்க ஊழியத்தில் செலவிட்ட நேரம் 208 கோடி மணிக்கு மேல். ஞானஸ்நானம் பெற்றவர்கள் சுமார் 3 லட்சத்து 3 ஆயிரம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 6,900 மணி நேரம். ஒரே ஆள் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைத்தாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். 2023 நவம்பரிலிருந்து சாதாரண ஊழியர்கள் மணிக்கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்த அமைப்பு சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்துச் சரித்திரமும் வேறு மாதிரி இல்லை. ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூன்று ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அவர்கள் பள்ளிக்கூடங்களை நம்பவில்லை. மக்களின் மொழியில் ஊர் ஊராகப் போய், தெருவிலும் சந்தையிலும் நின்று பேசுவதே வழி என்றார்கள். ஆனால் சபைகள் பெருகியது தெருவில் கேட்டவர் ஒவ்வொருவராக வந்து அல்ல. சேரியில் பல குடும்பங்கள் கூடிப் பேசி, சேர்ந்தே முடிவெடுத்து வந்தார்கள். பங்காளியும் சம்பந்தியும் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். அந்தச் சகோதரர்களின் தம்பி மகள் ஐடா ஸ்கட்டர், 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். அதுதான் சிஎம்சி. இன்று அதன் சித்தூர் வளாகம் எங்கள் குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது. நாங்கள் தட்டிய எந்தக் கதவும் எங்களுக்காகத் திறந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு எல்லாத் தெரு ஆட்களும் அவர்களாகவே போகிறார்கள்.

பலன் இவ்வளவு குறைவு என்றால் ஏன் போகிறார்கள்? இதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்பவர்கள் தப்லீக் ஜமாஅத்தினர். 1920களில் வட இந்தியாவின் மேவாத் பகுதியில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய இயக்கம் அது. மூன்று நாள், நாற்பது நாள் என்று வீட்டை விட்டுக் கிளம்பிப் பள்ளிவாசலில் தங்கி, முஸ்லிம் வீடுகளின் கதவைத்தான் தட்டுகிறார்கள். போகிறவன் தன்னைத் திருத்திக்கொள்ளவே போகிறான் என்பது அவர்களின் பாடம். எங்கள் சபையிலோ, பிறரை மீட்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனோம். நடந்தது அவர்கள் சொன்னதுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் பேசக் கற்றேன். மூஞ்சியில் அடித்தாற்போல் கதவு சாத்தப்பட்டால் அடுத்த வீட்டுக்குப் போகக் கற்றேன். கூட வந்த பையன்களில் ஒருவன் குடியை விட்டான். கைப்பிரதி கொடுக்கிறவன் சாயங்காலம் சாராயக் கடையில் நிற்க முடியாதல்லவா? ஊருக்குக் கொண்டுபோன செய்தி ஊருக்குள் போகாமல் எங்களிடமே தங்கிவிட்டது.

கதவு தட்டுகிறவனை விரட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கைப்பிரதியைக் கிழித்துப் போட்டு, இனி இந்தத் தெருவில் கால் வைக்காதே என்றவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நம்பிக்கை. ஒரு துண்டுக் காகிதத்தைப் படித்தால் மனிதன் மாறிவிடுவான் என்று நாங்கள் ஆசைப்பட்டோம், அவர்கள் பயந்தார்கள். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. அது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த எல்லைக்கோடு வரை போகவே எங்களுக்கு வாய்க்கவில்லை. காலனிக்குள்ளேயே எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்கள், “ஞானஸ்நானம் எடுத்தா சர்டிபிகேட் என்னாவறது?” என்றுதான் கேட்டார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் உத்தரவின்படி கிறிஸ்தவராகிற தாழ்த்தப்பட்டவருக்கு எஸ்சி அந்தஸ்து போய்விடும். ஆந்திராவில் அவர் பி.சி.-சி பிரிவுக்குப் போவார். பிள்ளையின் படிப்பும் வேலையும் அதில் இருக்கின்றன. நரகத்தைப் பற்றி எங்களிடம் பதில் இருந்தது, சர்டிபிகேட்டைப் பற்றி இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மார்கழியில் தலையில் செம்பை வைத்துக்கொண்டு, தம்பூராவோடு பெருமாள் பாட்டுப் பாடி வருவார் ஹரிதாசு. அவருக்குத் திறக்காத வீடு இருக்காது. பெண்கள் ஓடிவந்து அரிசி போடுவார்கள். அவர் வீட்டுக்காரர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள வருகிறார், நாங்கள் கொடுக்க வந்தோம். வாங்க வருகிறவனுக்கு முன்னால் வீட்டுக்காரர் உயர்ந்து நிற்கிறார். உன்னிடம் இல்லாத உண்மை என்னிடம் இருக்கிறது என்று வருகிறவனுக்கு முன்னால், அதுவும் காலனியிலிருந்து வருகிறவனுக்கு முன்னால், ஏன் தாழ்ந்து நிற்க வேண்டும்? எங்கள் அத்தை அந்த வராந்தாவில் கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. அங்கே வேலை செய்தது அதுதான்.

நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவன்தான். ஊழியத்துக்குப் போவதில்லை. சபையில் இப்போதுள்ள பையன்கள், “அண்ணா, வீட்டு ஊழியத்துக்குப் போலாமா, அதுல பிரயோஜனம் இருக்கா?” என்று கேட்பதுண்டு. போகாதீர்கள் என்று நான் சொன்னதில்லை. எனக்கு அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கக் கிடைத்த வழியை அவர்களுக்கு அடைக்க நான் யார்? “போங்க தம்பி, ஆனா அவங்களுக்கு நல்லது பண்றோம்னு நெனச்சுப் போகாதீங்க. நல்லது ஒங்களுக்குத்தான். தாகமா இருந்தா ஒரு சொம்பு தண்ணி கேளுங்க. குடுத்தாங்கன்னா அன்னிக்குப் பிரசங்கம் வேணாம், ஒக்காந்து பேசிட்டு வாங்க” என்பேன்.