ஏழு நாள் முறை

எறையூரில் என் தகப்பனார் விட்டுப்போன கிணற்றில் எனக்கு நாலில் ஒரு பங்கு. பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கிணற்றை நாலாக வெட்ட முடியாது. ஆகவே பங்கு என்பது நடைமுறையில் நாள் கணக்கு. நாலு நாளைக்கு ஒரு நாள் மோட்டார் என் வயலுக்கு ஓடும். இதற்கு எங்கள் பக்கம் 'முறை' என்று பெயர். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் முறைக்காரன் கிணற்றடியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அன்றைய முறை போயிற்று. அடுத்த முறையில் யாரும் அதை வரவு வைக்கமாட்டார்கள்.

காலத்தைப் பங்குபோட்டு வைத்துக்கொள்வது எனக்குப் புதிய விஷயமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். கோயில்களில் பூசை முறை தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. நாள் கணக்கான அந்த உரிமையைச் சொத்தாகவே பாவித்து நீதிமன்றங்களில் வழக்காடியிருக்கிறார்கள். ஆகவே 2022 ஆகஸ்ட் 21ஆம் தேதி, திருச்சியில் ஒரு ஓட்டல் மாடியில், மலைவாசஸ்தல விடுதிகளில் வருஷத்துக்கு ஏழு நாள் வீதம் இருபத்தைந்து வருஷம் எனக்குச் சொந்தம் என்று ஒரு பெண் சொன்னபோது, புரிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அங்கே போய்ச் சேர்ந்தது வெகு சாதாரணமாக நடந்தது. ஜவுளிக்கடையில் ஒரு சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தேன். பரிசு விழுந்திருப்பதாகப் போன் வந்தது. கணவன் மனைவி இருவரும் வந்தால்தான் பரிசு, ஒன்றரை மணி நேரம் போதும் என்றார்கள். இருந்தது நாலு மணி நேரம். குளிரூட்டிய கூடத்தில் இருபது மேஜைகள். மேஜைக்கு ஒரு தம்பதி, எதிரே ஒரு இளைஞனோ இளம்பெண்ணோ. யாராவது கையெழுத்திட்டால் ஒரு மணி அடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்களுக்கு வாய்த்தவள் லால்குடிப் பெண். என்னிடம் அதிகம் பேசவில்லை. விலை, தவணை, விடுதிகளின் படம் எல்லாம் காட்டி முடித்துவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, கடைசியா எப்ப வெளியூர் போய்த் தங்குனீங்க?"

என் மனைவி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "பெரியவன் பிரசவத்துக்கு, எங்க அம்மா வீட்ல," என்றாள்.

பெரியவனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருக்கவும் அவளுக்குப் பயிற்சி இருந்தது. அந்த மௌனத்தில்தான் நான் கையெழுத்திட்டேன். விலை மூன்று லட்சத்து அறுபதாயிரம். முப்பத்தாறாயிரம் அங்கேயே கார்டில் தேய்த்தார்கள். மிச்சம் மாதம் ஒன்பதாயிரமாக முப்பத்தாறு தவணை. மணி அடித்தது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். கவிதை எழுதுகிறவன் என்பதோடு, அதைவிட அதிகமாக, பிறர் கவிதையில் எந்தச் சொல் பொய் சொல்கிறது என்று இது போன்ற பக்கங்களில் காட்டி நாலைந்து பேரின் நட்பை இழந்தவன். பத்தொன்பது பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்திட்டேன். பேசியதெல்லாம் தமிழ், கையெழுத்திட்டது ஆங்கிலம்.

வீட்டுக்கு வந்து முதல் வாரம் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. எட்டாம் நாள் கூரியரில் அச்சடித்த ஒப்பந்தம் வந்தது. ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். எனக்குக் கிடைத்திருப்பது வீடல்ல, வீட்டின் பாகமும் அல்ல. இடமிருந்தால் தங்கிக்கொள்ளும் அனுமதி. வருஷத்தை நிறம் நிறமாகப் பிரித்திருந்தார்கள். கோடை விடுமுறையும் பண்டிகை நாளும் விலை கூடிய நிறத்தில், எனக்கு விற்றது யாரும் போகாத மாதங்களின் நிறத்தில். போனாலும் போகாவிட்டாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் பராமரிப்புக் கட்டணம். அது ஏறலாம், இறங்கும் என்று எங்கும் இல்லை.

அந்த மேஜையில் போட்டிருக்கவேண்டிய கணக்கை அன்று போட்டேன். கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மூன்று லட்சம். விலையோடு சேர்த்து ஆறு லட்சத்து அறுபதாயிரம். வருஷத்துக்கு இருபத்தாறாயிரத்து நானூறு, ஒரு ராத்திரிக்கு மூவாயிரத்து எழுநூறுக்கு மேல். சாப்பாடும் பஸ்ஸும் தனி. அந்த விலைக்கு வேண்டிய ஊரில், வேண்டிய நாளில் அறை கிடைக்கும். பிடிக்காவிட்டால் மறுநாள் காலி செய்யலாம். எனக்கு அப்போது வயது அறுபத்தொன்று. ஒப்பந்தம் முடியும்போது எண்பத்தாறு.

கணக்கைவிடப் பெரிய அபத்தம் ஒன்று இருந்தது. எனக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. எங்கள் ஊரில் இருக்கும் பெரம்பலூர் சர்க்கரை ஆலைக்குப் பதிவு செய்தது. பதிந்துவிட்டால் வெட்டுகிற நாளை ஆலைதான் சொல்லும். வெட்டு உத்தரவு வந்ததும் ஆள் பிடிக்கவேண்டும், வண்டி பிடிக்கவேண்டும். கல்யாணம், காதுகுத்து எதுவும் அதற்குப் பிறகுதான். இன்ன வாரம் என்னுடையது என்று ஒருபோதும் சொல்ல முடியாதவன் இருபத்தைந்து வருஷத்து வாரங்களை விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு ஷரத்து: கையெழுத்திட்ட பத்து நாளைக்குள் எழுத்து மூலம் கடிதம் அனுப்பினால் விலகிக்கொள்ளலாம், கட்டிய பணம் திரும்பத் தரப்படும். பத்தாம் நாள் புதன்கிழமை, விநாயகர் சதுர்த்தி. தபாலாபீஸ் கிடையாது. ஆகவே செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் இருந்தது.

அன்று ராத்திரியே கடிதம் எழுதினேன், முதலில் தமிழில். கரும்பு, வெட்டு உத்தரவு, மனைவியின் முட்டிவலி, பரிசு என்று வரவழைத்த விதம், நான் வாசிக்காமல் கையெழுத்திட்ட லஜ்ஜை, எல்லாம் அதில் இருந்தன. இரண்டு பக்கம். நன்றாகவே இருந்தது. என் மனைவி வாங்கி வாசித்தாள்.

"வேண்டாம்னு சொல்றதுக்கு இவ்வளவு எதுக்குங்க? இதப் படிச்சா அவன் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுவான்."

அவள் சொன்னது சரி. காரணம் சொல்கிறவனுடன் பேரம் பேசலாம். மறுநாள் காலை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். ஒப்பந்த எண், தேதி, இன்ன ஷரத்தின்படி விலகுகிறேன், பணத்தைத் திருப்பி அனுப்பவும். பெயரடை ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் நான் எழுதியவற்றில் அதிகப் பிரயாசையுடன் எழுதியது அந்த நாலு வரிதான். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினேன். ரசீதில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக விழவில்லை என்று கேட்டு இன்னொரு தடவை குத்தச் சொன்னேன். அன்றைக்கே வங்கிக்குப் போய், மாதாமாதம் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ள நான் கொடுத்திருந்த சம்மதத்தையும் எழுதிக்கொடுத்து ரத்து செய்தேன்.

பிறகு போன்கள். இன்னொரு வாரம் இலவசம் என்றார்கள். நிறத்தை உயர்த்தித் தருகிறோம் என்றார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்றார் ஒருவர். பிள்ளைகளுக்கு விட்டுப்போக என்னிடம் ஏற்கெனவே கால் கிணறு இருக்கிறது. கடைசியில் பேசியவர், கடிதம் செப்டம்பர் 3ஆம் தேதிதான் கைக்கு வந்தது, பத்து நாள் தாண்டிவிட்டது, முன்பணம் கிடையாது என்றார். ஷரத்தில் இருந்த சொல் 'அனுப்பினால்'. 'கிடைத்தால்' அல்ல. ஒரு வினைச்சொல்லை நம்பி நான் வழக்குக்குப் போனேன்.

பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டது இது. இந்த வியாபாரம் 1960களில் ஐரோப்பாவில் முளைத்தது. 1963இல் ஸ்விட்சர்லாந்தில் ஹாப்பிமாக் தொடங்கியது. 1974இல் அமெரிக்காவில், உன் வாரத்தை என் வாரத்துக்கு மாற்றிக்கொடுக்கவே ஆர்.சி.ஐ. வந்தது. 1980களில் இந்தியாவுக்கு வந்தாயிற்று. ஐரோப்பிய நாடுகள் ஏமாந்தபின் விழித்துக்கொண்டன. 1994இல் பத்து நாள் அவகாசம் என்று பொது விதி செய்தார்கள். அந்த நாட்கள் முடியும் வரை ஒரு காசும் வாங்கக்கூடாது, ஒப்பந்தம் வாங்குகிறவனின் மொழியில் இருக்கவேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. 2008இல் அவகாசத்தைப் பதினாலு நாளாக்கினார்கள். நம்மிடம் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. எனக்குக் கிடைத்த பத்து நாளும் கம்பெனி தானாக எழுதிக்கொண்ட ஷரத்தின் தயவு.

இருப்பது 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்து அதில்தான் நுழைந்தது. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாட மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும். 1986ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊருக்கோ விவகாரம் நடந்த ஊருக்கோ அலையவேண்டும். புதிய சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். 1915 என்ற எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். பதில் பழைய பல்லவிதான். 2023 பிப்ரவரியில் பெரம்பலூரில் மனு கொடுத்தேன். தபால் ரசீதின் நகல் நாலாவது இணைப்பு.

வழக்கு வாதத்துக்கு வரவே இல்லை. மனுவின் நகல் போய்ச் சேர்ந்ததும் அவர்களுடைய வக்கீல் கூப்பிட்டார். முப்பதாயிரம் தருகிறோம், ஆறாயிரம் செலவுக் கணக்கு, வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வாங்கிக்கொண்டேன். முழுவதற்கும் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. கம்பெனியின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று அப்போது ஒரு தாளில் கையெழுத்திட்டேன். அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

பெரம்பலூரில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், பழைய உறுப்பினர். பத்து நாள் ஷரத்தை அவர் பத்து வருஷம் கழித்துப் பார்த்தார். உங்கள் பங்கை நல்ல விலைக்கு விற்றுத்தருகிறோம், பதிவுச் செலவுக்குப் பதினைந்தாயிரம் முன்கூட்டி அனுப்புங்கள் என்று அவருக்குப் போன் வந்தது. அனுப்பினார். அந்த எண் இப்போது இல்லை. வெளியே போகிற வழியையும் ஒருவன் விற்றுக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பக்கங்களை வாசிக்கிற நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால் நம்மில் யார் ஆயுள் சந்தா கட்டாதவர்? நான் மூன்று பத்திரிகைகளுக்குக் கட்டினேன். ஒன்று நாலு இதழ், ஒன்று ஏழு, ஒன்று அறிவிப்போடு சரி. ஆயுள் என்றது பத்திரிகையின் ஆயுளையா சந்தாதாரரின் ஆயுளையா என்று நாம் கேட்டதில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் இல்லை. அதுவும் வராத காலத்துக்கு முன்பணம்தான். வித்தியாசம் இவ்வளவு: ஆசிரியரை எனக்குத் தெரியும். கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த சந்தில் திரும்புவார். நானும் பார்க்காததுபோல் போவேன். கிணற்றுப் பங்கும் அப்படித்தான். முறை தப்பினால் பங்காளியோடு சண்டை போடலாம், ஒரு வருஷம் பேசாமலிருக்கலாம், அவன் வீட்டுச் சாவுக்குப் போய் மறுபடி பேசலாம். நான் வாங்கிய பங்கில் மற்றப் பங்காளிகள் யார் என்று எனக்குத் தெரியாது. அதே கட்டிலில் எனக்கு முந்திய வாரம் படுப்பவன் யார்? அவனும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமலிருப்பதில்தான் அந்த வியாபாரமே நிற்கிறது. பார்த்தால் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுவிடுவோம்.

பணம் வந்த அன்று என் மனைவியிடம் சொன்னேன். "ஆறாயிரம் போனாப் போவுது," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல, "அந்த ஏழு நாள் நெசமா இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். மலைக்காகச் சொல்லல. ஏழு நாள் யாரும் என்னக் கூப்பிடாம இருந்திருப்பாங்க," என்றாள்.

விலகுவதற்கு ஷரத்து இருந்தது. அந்தக் கூடத்தில் அவள் சொன்ன பதிலிலிருந்து நான் விலக எந்த ஷரத்தும் இல்லை. முப்பதாயிரத்தை வங்கியில் தனியாகவே போட்டு வைத்திருக்கிறேன், ஏற்காட்டுக்கு என்று. அந்த வருஷம் தையில் போகலாம் என்றிருந்தோம். தையில் வெட்டு உத்தரவு வந்தது.