மீனம்பாக்கத்திலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அட்லாசில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

என் அம்மம்மா சுன்னாகத்தில் பிறந்தவர். 1990-இல் தலைமன்னாரில் படகேறி இந்தியா வந்தார். அங்கே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஓர் இரவு முழுவதும் ஆயிற்றாம். அம்மா படாளத்தில் வாழ்க்கைப்பட்டதால் அவரும் எங்களோடு இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து, "தங்கச்சியை ஒருக்காப் பாத்திட வேணும்" என்பதே அவர் பேச்சு. 2025 பொங்கலுக்குச் சின்னம்மம்மா வருவதாகப் போன் வந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்துப் பலாலியில் விமானம் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குவாராம்.

உடனே நான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். மீனம்பாக்கம் வட அட்சம் 13 பாகை, பலாலி 9.8. தீர்க்கரேகை இரண்டுக்கும் 80-ஐ ஒட்டியே, நேர் தெற்கு! வித்தியாசம் 3.2 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைகூட இதைவிடத் தூரம். விசிறி வைத்த அந்தச் சிறிய விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். ஆக 43 நிமிடம்!

"அம்மம்மா, முக்கால் மணி நேரந்தான்!" என்று கூவினேன்.

கணக்கு சிஸ்டரிடம் காட்டியபோது சிரித்தார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மெல்ல மேலேறுவதும், இறங்க வட்டமிடுவதும் உன் கணக்கில் எங்கே என்றார்கள். பயணச்சீட்டிலும் ஒன்றேகால் மணிக்கு மேலேயே போட்டிருந்தது. ஆனால் அம்மம்மா முக்கால் மணியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

இந்த வழி புதியதல்ல. ஏர் சிலோன் விமானம் 1947 டிசம்பர் 10 அன்றே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை வந்தது. பின்னால் போரில் எல்லாம் நின்றது. வடக்கே 355 கிலோமீட்டர் வர, தெற்கே 400 கிலோமீட்டர்போல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து 650 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அம்மம்மாவின் அண்ணன் அங்கே இறந்தபோது, இங்கே அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதோடு சரி. பலாலி 2019 அக்டோபரில் மறுபடி திறந்தது. நவம்பரில் விமானம் வந்தது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

அந்த நாள் வந்தது. சின்னம்மம்மா பகல் 12 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டார். மாலை 4 மணிக்கு விமானம் கிளம்பியது. அம்மம்மா ஜெபமாலையை உருட்டி நேரம் எண்ணினார். "வந்திருப்பாள், கட்டிலை வாசல் பக்கம் திருப்பு பிள்ளை" என்றபோது மணி 4.45. தரையிறங்கியது 5.15-க்கு. பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 6.30. அப்புறம் பொங்கல் கூட்டம்! தாம்பரம், வண்டலூர், பரனூர் சுங்கச்சாவடி, மாமண்டூர்ப் பாலம்... அதன் பிறகு எங்களூர்க் கரும்பு டிராக்டர்கள். அம்மம்மா கஞ்சியும் குடிக்கவில்லை. "வழியிலே ஏதும் நடந்திட்டுதோ?" என்று அழத் தொடங்கிவிட்டார். கணக்குச் சொன்ன எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

இரவு 9 மணிக்குக் கார் வந்து நின்றது. 34 வருடம் கழித்துப் பார்த்த அக்காவும் தங்கையும் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முக்கால் மணித்தியாலமெண்டு சொன்னாளடி இவள்!" என்று அம்மம்மா என்மேல் புகார் வைத்தார். அன்றிரவு இருவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள்.

பத்தாம் நாள் விடியற்காலையில் சின்னம்மம்மா புறப்பட்டார். கார் திரும்பிய சற்று நேரத்தில், "இப்ப எவ்வளவு தூரம் போயிருப்பாள்?" என்று அம்மம்மா கேட்டார்.

"இன்னும் செங்கல்பட்டே தாண்டவில்லை, அம்மம்மா" என்றேன்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி